இன்மையின் இடம்: கிடைக்காத கோப்பும் அனுபலப்தி விவாதமும்

இல்லாத ஒரு பொருளை ‘இல்லை’ என்று அறியும் அறிவு எந்த வழியாகப் பிறக்கிறது என்னும் வினாவை இந்தியத் தருக்க நூல்கள் பல நூற்றாண்டுகள் ஓயாமல் விவாதித்துள்ளன. உள்ள பொருளே புலன்களுக்கு எட்டும், இல்லாதது எட்டுவதற்கில்லை, ஆயினும் வெறுந்தரையைக் கண்டவன் அங்கே குடம் இல்லை என்பதையும் ஐயமின்றி அறிந்துகொள்கிறான் என்பதே அந்த விவாதத்தின் முடிச்சு. இதனை ஏட்டோடு நின்றுபோன பழைய வழக்கு என்று கருதுவோர், மெய்நிகராக்கப்பட்ட மேசைக்கணினிச் செயலிகளைப் பராமரிக்கும் நிர்வாகிகளின் அன்றாட வேலையைக் கூர்ந்து நோக்கினால் வேறுவிதமாக எண்ணக்கூடும். குறித்த கோப்பு கிடைக்கவில்லை என்று கூறிச் செயலி நின்றுவிடுகிறது. நிர்வாகி அதே பாதையில் சென்று பார்க்கும்போது கோப்பு அங்கே இருக்கிறது. செயலியை மீண்டும் இயக்கினால் மீண்டும் அதே பிழைச் செய்தி வருகிறது. ஒரே பெயர், ஒரே பாதை, ஒரே கணம் ஆகியவற்றைப் பற்றி இரண்டு நேர்மையான சாட்சிகள் முரண்பட்டுப் பேசும் இந்நிலையில், பிழை எங்கே என்று தேடுவதற்கு முன், ‘இல்லை’ என்னும் கூற்று எதனை உறுதிப்படுத்துகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இம்முரண்பாடு எவ்வாறு தோன்றுகிறது என்பதற்குத் தொழில்நுட்பத்தின் அமைப்பைச் சற்று விளக்குதல் தேவை. செயலி மெய்நிகராக்கம் என்பது ஒரு மென்பொருளைக் கணினியில் வழக்கம்போல் நிறுவாமல், அது நிறுவப்படும்போது உருவாகும் கோப்புகளையும் பதிவுகளையும் முன்கூட்டியே ஒரு தனிக் கணினியில் பிடித்து, ஒரே பொதியாகக் கட்டி, பயனரின் கணினியில் அது நிறுவப்பட்டது போன்ற தோற்றத்தை மட்டும் உண்டாக்கும் முறையாகும். சாஃப்ட்ரிசிட்டி என்னும் நிறுவனம் சாஃப்ட்கிரிட் என்ற பெயரில் உருவாக்கிய இத்தகைய மென்பொருளை மைக்ரோசாஃப்ட் 2006இல் வாங்கிப் பின்னர் ஆப்-வி என்று பெயரிட்டது. இதில் செயலி ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையில் உள்ள ஒரு கோப்பைக் கேட்கும்போது, இயங்குதளத்தின் உட்பகுதியில் அமர்ந்திருக்கும் ஓர் இடைமறிப்பு நிரல் அந்த வேண்டுகோளைப் பிடித்து, பயனர் மாற்றி எழுதிய படி ஏதேனும் உண்டா என்று முதலிலும், பொதிக்குள் உண்டா என்று அடுத்ததாகவும், கணினியின் உண்மையான வட்டில் உண்டா என்று இறுதியாகவும் பார்த்து, கிடைத்ததைச் செயலியிடம் கொடுக்கிறது. பொதியைக் கட்டுபவர் ஒரு கோப்புறையை ‘உள்ளூர்க் கோப்புறையோடு இணைக்க’ என்று குறித்தால் மேற்சொன்ன தேடல் இறுதிவரை செல்லும். ‘உள்ளூர்க் கோப்புறையை மறைக்க’ என்று குறித்தால் பொதிக்குள் இல்லாதது வட்டில் இருந்தாலும் செயலிக்குப் புலப்படாது. ஆகவே நிர்வாகி காணும் கோப்புறையும் செயலி காணும் கோப்புறையும் பெயரால் ஒன்றாயினும் இரண்டு வேறு கோப்புறைகள்.

அபாவம் எனப்படும் இன்மையைப் பற்றி நியாய–வைசேடிக மரபு வகுத்த இலக்கணம் இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. கணாதரின் வைசேடிக சூத்திரம் பொருள், குணம், கருமம் முதலிய ஆறு பதார்த்தங்களையே எண்ணியது. பிற்கால ஆசிரியர்கள் இன்மையை ஏழாவது பதார்த்தமாகச் சேர்த்தனர். இன்மையும் உலகின் பொருள்வகைகளுள் ஒன்று என்னும் இக்கொள்கை விந்தையாகத் தோன்றினும், அதனோடு அவர்கள் இணைத்த கட்டுப்பாடு மிகவும் கறாரானது: எந்த இன்மையும் ஒன்றினுடைய இன்மையாகவும், ஓரிடத்தில் உள்ள இன்மையாகவும் மட்டுமே பேசப்படலாம். எதனுடைய இன்மையோ அது பிரதியோகி. எங்கே இன்மையோ அந்த இடம் அனுயோகி. குடம் பிரதியோகி, தரை அனுயோகி. இவ்விரண்டில் ஒன்றை விட்டுவிட்டு ‘இல்லை’ என்று சொன்னால் அக்கூற்று பொய்யாவது கூட இல்லை, முழுமை பெறாத கூற்றாக நின்றுவிடும். தமிழ் நூல்களிலும் இந்த உணர்வு உண்டு. மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதையில் வைதிகவாதி எடுத்துரைக்கும் பத்து அளவைகளுள், அதாவது அறிவு பெறும் வழிகளுள், அபாவமும் ஒன்று. அதனை விளக்குமிடத்தில் குறித்த இடத்தில் பொருள் இல்லை என்னும் இடவரையறை இலக்கணத்தோடு சேர்ந்தே வருகிறது. மெய்நிகராக்கப்பட்ட செயலியின் பிழைச் செய்தி பெரும்பாலும் பிரதியோகியின் பெயரைச் சொல்லும். அனுயோகியைச் சொல்வதுபோல் ஒரு பாதையையும் காட்டும். ஆனால் அந்தப் பாதை யாருடைய பார்வையில் உள்ள பாதை என்பதைச் சொல்லாது. நிர்வாகியின் வேலையில் பெரும்பகுதி, விடுபட்ட அந்த அனுயோகியை மீட்டெடுப்பதுதான்.

அதற்காக அவர் கையாளும் முறை தத்துவ நோக்கில் சுவையானது. வெளியே நின்று கோப்புறையைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டு, செயலியின் மெய்நிகர்ச் சூழலுக்குள்ளேயே கட்டளைச் சாளரம் ஒன்றைத் திறந்து, அங்கிருந்து அதே பாதையைப் பட்டியலிடச் சொல்கிறார். அறிபவன் மாறவில்லை, கேள்வியும் மாறவில்லை, இடம் மட்டும் மாறுகிறது, விடையும் மாறிவிடுகிறது. 64 பிட் விண்டோஸில் இதே நிலை மெய்நிகராக்கப் பொதி எதுவும் இல்லாமலேயே நிகழ்வதுண்டு. 32 பிட் செயலி ‘சிஸ்டம்32’ கோப்புறையைக் கேட்டால், இயங்குதளம் அதனை ஓசைப்படாமல் ‘சிஸ்வாவ்64’ என்னும் வேறொரு கோப்புறைக்குத் திருப்பி அனுப்புகிறது. (பெயர்கள் பொருளுக்கு நேர்மாறாக அமைந்துவிட்டன: 64 பிட் கோப்புகள் ‘சிஸ்டம்32’இலும், 32 பிட் கோப்புகள் ‘சிஸ்வாவ்64’இலும் உள்ளன.) உண்மையான ‘சிஸ்டம்32’ஐ அடைய விரும்பும் 32 பிட் செயலிக்கென்று ‘சிஸ்நேட்டிவ்’ என்னும் மாற்றுப்பெயர் ஒன்று உண்டு, 64 பிட் செயலிகளுக்கோ அப்பெயரில் ஒரு கோப்புறையே இல்லை. தேடுபவனின் இயல்பைப் பொறுத்து இருத்தலும் இன்மையும் அமையும் ஒரு பொருளுக்கு இதைவிடத் துல்லியமான சான்று தருக்க நூல்களின் உதாரணங்களில் கூடக் காண்பதரிது.

இடத்தை வரையறுத்த பின்னும் ஒரு வினா எஞ்சுகிறது: காணவில்லை என்பதிலிருந்து இல்லை என்பதற்குச் செல்ல உரிமை எப்போது கிடைக்கிறது? ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகப் பொதுவாகக் கருதப்படும் பௌத்தத் தருக்கர் தருமகீர்த்தி, காணாமையாகிய அனுபலப்தியை அனுமானத்தின் ஏதுக்களுள் ஒன்றாக ஏற்றபோதே அதற்கு ஒரு நிபந்தனையை விதித்தார். இருந்திருந்தால் தவறாமல் புலப்பட்டிருக்கும் என்னும் தகுதியுடைய பொருள் புலப்படாதபோது மட்டுமே அதன் இன்மையை முடிவுசெய்யலாம். இடத்தாலோ காலத்தாலோ இயல்பாலோ எட்டாத பொருளைப் பொறுத்தவரை காணாமை ஐயத்தை மட்டுமே தரும். எதிரே பேய் இல்லை என்று ஒருவன் காணாமையைக் கொண்டு முடிவுகட்ட முடியாது என்பது அம்மரபின் வழக்கமான எடுத்துக்காட்டு, ஏனெனில் இருந்தாலும் கண்ணுக்குப் புலப்படும் இயல்பு அதற்கில்லை. நையாயிகர்களும் யோக்கியானுபலப்தி, அதாவது காணத்தக்கதைக் காணாமை, என்ற பெயரில் இதே நிபந்தனையை ஏற்றனர். ஆனால் அவர்களுக்கு இது தனி அளவையன்று, இன்மையைக் காட்சியே அறியும்போது அக்காட்சிக்குத் துணைநிற்பது மட்டுமே.

தருமகீர்த்தி கூறிய மூவகை எட்டாமையுள் இடத்தாலும் காலத்தாலும் நேர்பவை கோப்புப் பிழைகளில் நேராக வந்து நிற்கின்றன. ஆப்-வி பொதிகள் முழுவதும் ஒரே தடவையில் கணினிக்கு வருவதில்லை. செயலி கேட்கும் பகுதி மட்டும் வலையமைப்பிலுள்ள சேவையகத்திலிருந்து அவ்வப்போது வந்து சேரும். அதுவரை கோப்பின் பெயரும் அளவும் பட்டியலில் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது. வலையிணைப்பு அறுந்த நேரத்தில் செயலி அதைத் திறக்க முயன்றால் தோல்வி நேரும். முதல் இயக்கத்தின்போது தானே உருவாக்கிக்கொள்ள வேண்டிய அமைவுக் கோப்பை ஒரு செயலி எதிர்பார்த்து ஏமாறுவதும் உண்டு. பொதி கட்டப்பட்டபோது யாரும் அச்செயலியை ஒருமுறை திறந்து பார்த்திராததே அதற்குக் காரணம். இது நையாயிகர் பிராகபாவம் என்று வகுத்த முன்னின்மை, பொருள் தோன்றுவதற்கு முன் அதற்குள்ள இன்மை. பொருள் அழிந்தபின் வரும் பிரத்துவம்சாபாவத்தோடு, அதாவது நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் கோப்பை அகற்றியதால் நேரும் இன்மையோடு, இதனைக் குழப்பிக்கொள்ளும் நிர்வாகி பொருத்தமில்லாத இடங்களில் நெடுநேரம் தேட நேரும். அழிந்தது முன்பு இருந்த தடயத்தை எங்கேனும் விட்டிருக்கும், தோன்றாதது எதையும் விட்டிராது என்பதால் இரண்டையும் தேடும் வழிகள் முற்றிலும் வேறு.

இயங்குதளங்கள் தரும் பிழைச் செய்திகளே இந்தத் தத்துவப் பிளவை அறியாமல் எதிரொலிப்பது கவனிக்கத்தக்கது. யூனிக்ஸ் மரபின் 2ஆம் எண் பிழை, அத்தகைய கோப்பு இல்லை என்று பொருளின் நிலையைப் பற்றித் தீர்ப்புக் கூறுகிறது. விண்டோஸின் 2ஆம் எண் பிழை, குறித்த கோப்பைக் கணினியால் கண்டறிய இயலவில்லை என்று அறிபவரின் நிலையை மட்டும் சொல்கிறது. இரண்டாவது கூற்று அடக்கமானது, மெய்நிகர் அடுக்குகள் பெருகிய காலத்திற்கு ஏற்றதும் கூட. மேலும் விண்டோஸ் 3ஆம் எண்ணைப் பாதையே கிடைக்காத நிலைக்கென்று தனியே வைத்துள்ளது. நியாய மொழியில் சொன்னால் 2ஆம் எண் பிரதியோகியைக் காணாத நிலை, 3ஆம் எண் அனுயோகியே கைக்கு எட்டாத நிலை. இவ்வேறுபாட்டைக் கவனியாமல் இரண்டையும் ஒரே பிழையாகக் கொள்வது வேலையை இரட்டிப்பாக்கும். ஆனால் எந்தச் செய்தியும் முழு நம்பிக்கைக்குரியதன்று. லினக்ஸில் கண்ணெதிரே இருக்கும் ஓர் இயக்கக் கோப்பை இயக்கினால் அது இல்லை என்று விடை வருவதுண்டு; உண்மையில் இல்லாதது அக்கோப்பன்று, அதனை நினைவகத்தில் ஏற்றித் தர வேண்டிய வேறொரு நிரல். விண்டோஸின் 126ஆம் எண் பிழையும், டி.எல்.எல். எனப்படும் ஒரு நிரல் நூலகக் கோப்பு இருக்கும்போதே, அது சார்ந்துள்ள மற்றொன்று இல்லாமையால், முதற்கோப்பின்மேல் பழியைப் போடக்கூடியது. இங்கே ஓர் இன்மை மெய்யாகவே உண்டு, ஆனால் பிரதியோகி மாற்றிச் சொல்லப்பட்டிருக்கிறது.

மீமாஞ்சகரான குமாரில பட்டர் இன்மையை அறிவதற்கு அனுபலப்தி என்னும் தனி அளவையே வேண்டும் என்று வாதிட்டபோது முன்வைத்த ஒரு காரணம் இங்கே நினைக்கத்தக்கது. ஓரிடத்தை மட்டும் கண்டு சென்ற ஒருவனிடம், பிறகு வேறோரிடத்தில், அங்கே இன்னது இருந்ததா என்று கேட்டால், கண்டபோது அப்பொருளை எண்ணியே பாராத அவன், கேட்ட அக்கணத்தில் அது அங்கே இல்லை என்பதை அறிகிறான். அப்போது அவன் புலன் அவ்விடத்தோடு தொடர்பில் இல்லை, ஆகவே இவ்வறிவு காட்சியாகாது என்பது அவர் வாதம். 2006இல் வெளிவந்த ‘பிராசஸ் மானிட்டர்’ என்னும் கருவி ஒரு செயலியின் ஒவ்வொரு கோப்பு வேண்டுகோளையும் அதற்குக் கிடைத்த விடையையும் பதிவுசெய்கிறது; நிகழ்வு முடிந்த நெடுநேரம் கழித்து நிர்வாகி அப்பதிவைப் படித்து இன்மையை அறிவது குமாரிலரின் உதாரணத்தை நினைவூட்டுகிறது. ஆனால் ஒற்றுமை அவ்வளவோடு நின்றுவிடுகிறது. இடத்தைக் கண்டவனின் நினைவில் இடம் முழுவதும் உண்டு. கருவியின் பதிவிலோ கேட்கப்பட்டவை மட்டுமே உண்டு. கேட்கப்படாத கோப்பைப் பற்றி அப்பதிவு எதையும் சொல்லாது. கேட்டுக் கிடைக்காதவற்றிலும் மிகப்பல தீங்கற்றவை: ஒரு டி.எல்.எல். கோப்பைத் தேடும் செயலி ஒவ்வொரு கோப்புறையாகக் கேட்டுக்கொண்டே செல்வதால், ‘பெயர் கிடைக்கவில்லை’ என்னும் வரிகள் நலமாக இயங்கும் செயலியின் பதிவிலும் நூற்றுக்கணக்கில் வரும். புதிதாக இவ்வேலைக்கு வருவோர் அவ்வரிகளைக் கண்டு திகைப்பது இயல்பு. கருவியும் ஓரிடத்திலிருந்தே பார்க்கிறது என்பது இதனினும் நுட்பமான சிக்கல். கோப்பு வேண்டுகோள்களை இடைமறிக்கும் நிரல்கள் விண்டோஸில் ‘உயரம்’ எனப்படும் எண்ணின் வரிசைப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அமைவதால், கண்காணிப்புக் கருவி மெய்நிகராக்க நிரலுக்கு மேலே இருந்தால் ஒரு பாதையையும், கீழே இருந்தால் வேறொரு பாதையையும் காணும்.

இன்மை தனிப் பொருளா, வெறும் இடமே இன்மையா என்பது அடுத்த வழக்கு. குமாரிலரோடு முரண்பட்ட பிரபாகர மீமாஞ்சகர், குடம் இல்லாத தரை என்பது வெறுந்தரையே, அதற்குமேல் இன்மை என்று ஒன்றில்லை என்றனர். லினக்ஸ் கெர்னலில் 2014இல் சேர்க்கப்பட்ட ‘ஓவர்லேஎஃப்எஸ்’ என்னும் அடுக்குக் கோப்பமைப்பை வைத்து இக்கருத்தைச் சோதித்துப் பார்க்கலாம். இதில் கீழடுக்கு மாற்ற முடியாதது, மாற்றங்கள் அனைத்தும் மேலடுக்கில் எழுதப்படும். கீழடுக்கிலுள்ள கோப்பைப் பயனர் நீக்கும்போது மேலடுக்கு வெறுமையாகவே விடப்பட்டால் கீழ்க்கோப்பு மீண்டும் புலப்பட்டுவிடும். ஆகவே அக்கோப்பின் பெயரிலேயே ‘ஒயிட்அவுட்’ எனப்படும் ஒரு சிறப்புக் குறி மேலடுக்கில் உருவாக்கப்படுகிறது. இன்மையை உண்டாக்க ஒன்றை உண்டாக்க வேண்டியிருக்கிறது. வெறும் இடம் இங்கே இருத்தலுக்கே வழிவிடுகிறது. பிரபாகரர் தரப்பு இதற்கு விடையின்றி நிற்காது: பயனர் காண்பது மேலடுக்கையன்று, அடுக்குகள் இணைந்த தோற்றத்தையே, அந்தத் தோற்றமோ வெறுமையாகவே உள்ளது, குறி என்பது அவ்வெறுமைக்குக் காரணமான ஓர் இருப்புப்பொருள் மட்டுமே என்று அவர்கள் கூறக்கூடும். இவ்விடை வலுவானது. நையாயிகரின் ஏழாம் பதார்த்தத்தை இக்குறி நிறுவிவிடுகிறது என்று கொண்டாடுவது அவசர முடிவாகும். ஆனால் ஓர் இன்மைக்குக் காரணமுண்டு, அக்காரணம் தேடத்தக்கது என்னும் நியாயத் தரப்பின் மனப்பாங்கே பழுதுபார்ப்பவருக்கு உதவுகிறது என்பதை மறுக்க முடியாது. இத்தகைய அடுக்குமுறை அமைப்புகளில் மூலப்பொதியை எத்தனை முறை புதுப்பித்தாலும் குறித்த ஒரு பயனருக்கு மட்டும் கோப்பு திரும்பி வராமலிருப்பதன் காரணம், பெரும்பாலும் அவருடைய மேலடுக்கில் எஞ்சியிருக்கும் இத்தகைய குறிதான்.

இவ்விவாதம் இந்திய மண்ணில் இத்துணைக் கூர்மை பெற்றதற்குத் தரையும் குடமும் மட்டும் காரணமல்ல. இறைவனின் இருப்பும் ஒரு காரணம். காணப்படாமையால் ஈசுவரன் இல்லை என்னும் வாதத்தை நையாயிகரான உதயணர் நியாயகுசுமாஞ்சலியின் மூன்றாம் பகுதியில் எதிர்கொள்ளும்போது யோக்கியதை என்னும் நிபந்தனையையே முன்வைக்கிறார்: காணத்தகும் பொருளன்று என்று நீங்களே ஒப்பும் ஒன்றைக் காணாமையால் மறுப்பது எவ்வாறு? பௌத்தரின் சொந்த விதியும் அவ்வாறு மறுப்பதைத் தடுக்கிறது என்பதாலேயே, அவர்கள் ஈசுவர மறுப்புக்கு வேறு வகை அனுமானங்களை நாட வேண்டியிருந்தது. இந்நிபந்தனை ஆத்திகருக்கு வெற்றியைத் தந்ததென்று கருதுவது தவறு; அது பேயைப் பற்றிய ஐயத்தையும் அதே அளவில் நிலைக்கவைக்கிறது. காணாமையிலிருந்து இன்மையைப் பெற முடியாது என்பது நிறுவப்பட்டதே அன்றி, இருத்தல் நிறுவப்படவில்லை.

சைவ சித்தாந்தம் இவ்விடத்தில் தருக்கரினும் ஒரு படி முன்செல்கிறது. பதினான்காம் நூற்றாண்டினரான உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் இருளையும் ஆணவ மலத்தையும் வேறுபடுத்துகிறார்: இருள் பிற பொருளை மறைத்தாலும் தான் இருப்பதைக் காட்டிவிடும், ஆணவமோ பிற பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. அனுமதி மறுக்கப்பட்டது என்னும் பிழைச் செய்தி இருளின் வகையைச் சேர்ந்தது. தடை இருப்பதை அது ஒளிக்கவில்லை, நிர்வாகி உடனே அதை நீக்கிவிடலாம். திருப்பிவிடப்பட்ட பாதையும், மறைக்கும்படி குறிக்கப்பட்ட கோப்புறையும் இரண்டாம் வகை. செயலி தான் திருப்பப்பட்டதை அறியாது, கண்டது முழு உலகம் என்றே கருதி, இல்லை என்று சொல்லிவிடுகிறது. 2007இல் பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, நிர்வாக உரிமையின்றி ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் எழுத முயலும் பழைய செயலிகளின் எழுத்தை, மறுப்புச் செய்தி எதுவும் தராமல், பயனரின் தனிக் கோப்புறையிலுள்ள ‘விர்ச்சுவல்ஸ்டோர்’ என்னும் இடத்துக்கு மாற்றியது. ஒரே கணினியில் ஒரு பயனர் சேமித்த அமைவுக் கோப்பை மற்றொரு பயனர் அதே செயலியில் காணமுடியாத நிலை இதனால் ஏற்பட்டது. பழைய மென்பொருள்கள் உடையாமல் இயங்கட்டும் என்ற நல்லெண்ணத்தின் விளைவே ஆயினும், மறைப்பது தன்னையும் மறைத்துக்கொண்டது என்பதே பழுதுபார்ப்போரை அலைக்கழித்தது.

ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது, அம்முறிவே சமய வினாவுக்கு முதன்மையானது. நிர்வாகி சூழலுக்குள்ளும் நுழையலாம், வெளியேயும் நிற்கலாம். இரண்டு பார்வைகளையும் ஒப்பிட்டே அவர் மறைப்பைக் கண்டுபிடிக்கிறார். கட்டுண்ட உயிர் தன் முயற்சியால் அவ்வாறு வெளியேறி நிற்க முடியாது என்பதே சித்தாந்தத்தின் நிலைப்பாடு. வெளியிலிருந்து அறிவிப்பதற்கு அருளும் குருவும் வேண்டும் என்று அது கூறுவதும், சிவஞான சித்தியார் அளவைகளைச் சுருக்கித் தொகுக்கும்போது காண்டல், கருதல் ஆகியவற்றோடு உரையையும் நிலைநிறுத்துவதும் இதனோடு இசைவுடையன. மணிமேகலையில் அறவண அடிகள் காட்சியும் கருத்தளவும் ஆகிய இரண்டு அளவைகளே போதும் என்று வகுப்பது இதற்கு நேர் எதிரான முடிவு. நிர்வாகியின் உதாரணம் இவ்வழக்கில் எந்தத் தரப்புக்கும் முழுமையாகச் சாதகமன்று. அவர் வெளியே நிற்கிறார் என்பதும் சார்பான கூற்றே. இன்றைய அலுவலகங்கள் பலவற்றில் அவர் அமர்ந்து பார்க்கும் மேசைக்கணினியே தொலைவிலுள்ள சேவையகத்தில் இயங்கும் ஒரு மெய்நிகர்க் கணினி, அதன் வட்டு முழுவதும் வேறொரு கணினியில் ஒரு கோப்பு. ஆகவே எக்காலத்தும் இல்லை என்று பொருள்படும் அத்தியந்தாபாவத்தை எந்த நிர்வாகியும் தம் பதிவேடுகளைக் கொண்டு நிறுவியதில்லை, அவருடைய வேலைக்கு அது தேவைப்படுவதும் இல்லை. இந்தச் செயலிக்கு இந்தப் பாதையில் இக்கோப்பு ஏன் புலப்படவில்லை என்பதற்கு விடை கிடைத்தவுடன் அவர் வேலை முடிந்துவிடுகிறது. உதயணரோடு வழக்காடியவர்களுக்கோ அத்தியந்தாபாவத்துக்குக் குறைந்த எதுவும் போதாது, அவர்கள் கையில் இருந்ததோ காணாமை ஒன்றே.